விண்மீன் காற்றை மாணவர்கள் அளக்கட்டும்

பழனிமலைப் பகுதிக் கல்லூரிகளின் இயற்பியல் துறையினருக்கு,

வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்புகளில் பெருநிறை விண்மீன்களின் காற்றையும், அதாவது அவை வெளியே வீசும் வாயு ஓட்டத்தையும், சேர்க்க வேண்டுகிறோம். இதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. அந்தக் காற்றின் தடயம் புற ஊதா ஒளியில் இருக்கிறது; சுமார் 3000 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) அலைநீளத்துக்குக் கீழுள்ள அந்த ஒளியை ஓசோன் விழுங்கிவிடும். 2,300 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலுக்கும் அது எட்டாது. விண்கலங்கள் எடுத்த நிறமாலைகளோ (அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியின் பதிவுகள்) காப்பகங்களில் இலவசம். நிறமாலைக் கோடுகளின் நகர்வை வைத்து, சூரியப் புள்ளியில் வாயு ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது இதே மலையில்தான். முறை இங்கும் அதுவே.

ஸீட்டா பப்பிஸ் என்ற பெருநிறை விண்மீனில் தொடங்குங்கள். ஐயூஈ (IUE) என்ற புற ஊதா விண்கலத்தின் உயர் பிரிதிறன் தரவுக் கோப்பையே எடுங்கள். குறை பிரிதிறனின் 6 ஆங்ஸ்ட்ராம் மங்கல் நொடிக்கு 1,100 கி.மீ.க்கு மேல், அளக்க வேண்டிய வேகத்தில் பாதி. மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பனின் இரட்டைக் கோடு 1548.2, 1550.8 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும். நம்மை நோக்கி வரும் காற்று நீலப் பக்கம் பள்ளமாகவும், சுற்றியுள்ள காற்று மேடாகவும் தெரியும். பள்ளத்தின் கரிய அடி 1536.6 அருகே முடிகிறது. நகர்வு 11.6; அதை 1548.2-ஆல் வகுத்து ஒளிவேகத்தால் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 2,250 கி.மீ. இரட்டையின் சராசரியிலிருந்து அளந்தால் 250 கி.மீ. கூடிவிடும். சரிந்த ஓரத்தை எடுத்தாலும் கூடும்; அங்கே கொந்தளிப்பு கலந்திருக்கிறது.

காற்றால் விண்மீன் இழக்கும் நிறையை இந்தக் கோட்டில் தேட விடாதீர்கள். பள்ளம் அடிதொட்டபின் எவ்வளவு வாயு கூடினாலும் வடிவம் மாறாது. அரிதான பாஸ்பரஸின் 1118, 1128 கோடுகள் அப்படி அடிதொடுவதில்லை. ஆனால் அவை ஐயூஈயின் எல்லைக்கு வெளியே. கோபர்னிகஸ் விண்கலத்தின் தரவு வேண்டும்.

அடுத்தது பெரிய மெகல்லானிக் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தின் ஆர்136 விண்மீன் கூட்டம். அதன் மையம் சூரியனைப்போல் 2,000 மடங்குக்கு மேல் நிறைகொண்ட ஒரே விண்மீன் என்று ஒரு காலத்தில் கருதினார்கள்; 1985-இல் அது பல விண்மீன்களாகப் பிரிந்தது. நூறு சூரிய நிறையைத் தாண்டியவை ஒன்பது என்று ஹபிளின் புற ஊதா நிறமாலைகள் 2016-இல் காட்டின. நெருக்கமே இங்கு பெரும் தொல்லை: பக்கத்து விண்மீனின் ஒளி கலந்திருக்கிறதா என்று படத்தோடு ஒப்பிட்டே கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மேகம் நொடிக்குச் சுமார் 270 கி.மீ. விலகிப் போவதால் கோடுகள் 1.4 ஆங்ஸ்ட்ராம் சிவப்புப் பக்கம் தள்ளியிருக்கும். இதை மறந்தால் காற்றின் வேகம் அவ்வளவு குறைந்து வரும்.

ஒரு மடிக்கணினியும் பைதானும் போதும். இரு மாணவர்கள் ஒருவர் அளவை மற்றவர் பார்க்காமல் எடுக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிக்கையில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நிறமாலைத் தரவில் பணிபுரியும் சிலர், கொடைக்கானல்