மொசைக்கின் அடியில் மேன்ஹோல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில், அம்மா பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய வரிசை வீட்டில் இருக்கிறேன். எங்கள் வரிசை முழுவதற்கும் பின்பக்கம் ஓடுவது ஒரே கழிவுநீர்க் குழாய்.

பக்கத்து வீட்டுத் தம்பி சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டியபோது, குத்தகையாளர் மேன்ஹோல் மூடிமேல் சிமெண்டு பூசி மொசைக் பதித்துவிட்டார். தீபாவளிக்கு முந்தின வாரம், நான் முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறேன், எங்கள் குளியலறையில் கழிவு பொங்கி வருகிறது! புது மொசைக்கை உடைத்துத்தான் அடைப்பை எடுத்தார்கள். தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். கீழே என்ன ஓடுகிறது என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

இப்போது நாங்களும் கட்டப்போகிறோம். முதலில் மூடியைத் திறந்தோம். குழாய் எங்கள் வீட்டுக்கு எந்த வீட்டிலிருந்து வருகிறதோ, அந்த வீட்டு அக்காவை ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்துக் கழிவறையில் ஊற்றச் சொன்னேன். எங்கள் மேன்ஹோலில் மஞ்சளாக வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தூணைக் குழாய்க்கு மேல் வைக்காமல் சற்று விலக்கி வைக்க முடிவு செய்தோம். மூடியும் தூக்கும்படியே இருக்கும்.

மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி இப்படி வீட்டை இழுத்துக் கட்ட ஊராட்சி மன்ற அனுமதி வேண்டும். வரைபடத்தில் குழாயையும் காட்டச் சொல்லிக் குத்தகையாளரிடம் கேளுங்கள். மன்றத்தாரும் அனுமதி தருமுன் ஆளனுப்பி மூடியைத் திறந்து பார்க்க வேண்டுகிறேன்.

வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்