கார் உள்விளக்கு விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்கார அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். சென்னை ஜி.பி. ரோட்டில் இருந்தாலும் சரி, பைபாஸ் ஓரத்தில் சின்னதாகக் கடை போட்டிருந்தாலும் சரி, கார் உட்புற எல்.இ.டி. விற்கும் எல்லோருக்கும் இந்த மடல். கூரை விளக்கைத் தானே மாற்றிக்கொள்ளலாம் என்று வருகிறவரிடம் "எந்த வண்டி சார்?" என்று மட்டும் கேட்டு ஒரு பாக்கெட்டை நீட்டாதீர்கள். அதில் "சூப்பர் ஒயிட்" என்பதைத் தாண்டி உருப்படியாக எதுவும் அச்சாகியிருப்பதில்லை.

பழைய பல்பைக் கழற்றி எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் உலோக மூடி போட்ட ஃபெஸ்டூன் பல்பு என்றால் 31, 36, 39, 41 மி.மீ. என்று பல நீளம் உண்டு. 36 இருந்த இடத்தில் 39-ஐத் திணித்தால் கிளிப் விரியும். 31-ஐ வைத்தால் நிற்கவே நிற்காது. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருந்தால் போதும்.

கழற்றும் முன் விளக்கை அணைத்து, சாவியை எடுத்துவிடச் சொல்லுங்கள். உலோக ஸ்க்ரூடிரைவரால் நெம்பி இரண்டு கிளிப்பையும் தொட்டுவிட்டால் ஃப்யூஸ் போகும். அதே ஃப்யூஸில் ரேடியோவும் ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன.

இழை பல்புக்குப் பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது, எல்.இ.டி.யில் பலவற்றுக்கு உண்டு. எரியவில்லை என்று திரும்பி வருகிறவரிடம் "பீஸ் போயிடுச்சு" என்று இன்னொன்றை விற்றுவிடாமல், திருப்பி மாட்டிப் பார்க்கச் சொல்வதுதான் நியாயம்.

நிறத்தையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். எல்லாக் கடையிலும் 6000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) நீலவெள்ளைதான் தொங்குகிறது. இரவில் பின்சீட்டில் யாராவது எதையோ தேட அதைப் போட்டால் முன்கண்ணாடி முழுக்கப் பளபளப்புதான். 4000 பக்கம் இருந்தால் கண்ணுக்கு இதம். அதையும் இருப்பு வையுங்கள்.

விற்க நல்ல காரணமே கைவசம் இருக்கிறதே! 5 வாட் இழை பல்பை இரவில் மறந்து 10 மணி நேரம் விட்டால் சுமார் 4 ஆம்பியர்-மணி காலி. 35 ஆம்பியர்-மணி பழைய பேட்டரிக்கு அது சிறிய இழப்பல்ல. 1 வாட் எல்.இ.டி. என்றால் 1 ஆம்பியர்-மணிகூட ஆகாது. இதைச் சொன்னாலே போதும், "ஆயிரம் மடங்கு வெளிச்சம்" என்று அளப்பது எதற்கு?

என் பெரிய கவலை, கால் பக்கமும் டாஷ்போர்டிலும் ஒட்டும் ஸ்ட்ரிப் விளக்கு. ஓடுகிற வயரைச் சுரண்டி, புது வயரை முறுக்கி, டேப் சுற்றுவதை "ஃபிட்டிங்" என்று சொல்லாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அந்த டேப்பின் பசை இளகும். பிறகு ஜாயின்ட் திறந்தேதான் கிடக்கும். ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே இழுத்திருந்தால், ஷார்ட் ஆனதும் வயரே எரியும். சின்ன ஃப்யூஸோடு வரும் ஃப்யூஸ் டாப்பையும் (ஃப்யூஸ் பெட்டியில் செருகித் தனி இணைப்பு எடுக்கும் துண்டு) ஸ்ட்ரிப்போடு சேர்த்தே விற்கலாம். கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடி ஓரம் திரைபோல் விரியும் காற்றுப்பை) உள்ள வண்டியில் முன் தூண் வழியாகவும் கூரை ஓரமாகவும் வயர் விடக்கூடாது, ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் தொடவே கூடாது என்பதை வாயாலாவது சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தன் வண்டியைத் தானே நோண்டும் ஒரு வாடிக்கையாளர்