வேராவல் வரை எங்களைக் கொண்டு சேர்த்தவர்களுக்கு

வேராவலில் எங்கள் போட்டைப் பார்த்துக்கொண்ட காகாவுக்கும், மரவந்தை அண்ணனுக்கும், சிப்ளூண் டீக்கடை மௌசிக்கும், வழியில் பெயர் கேட்க மறந்துபோன அத்தனை பேருக்கும்,

குஜராத்தின் வேராவல் துறைமுகத்தில் எங்கள் போட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளை விடியுமுன் கடலுக்குப் போகிறோம். போனால் ஒரு மாதம் கரை பார்க்க மாட்டோம். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

மே மாதக் கடைசியில் நடுக்கடலில் கியர் பாக்ஸ் உடைந்தது. வேராவல்காரர் ஒருவர் தம் போட்டில் கட்டி, ஒன்றரை நாள் இழுத்துக் கரை சேர்த்தார். டீசல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஜூன் 1 அன்று மேற்குக் கடலின் 61 நாள் மீன்பிடித் தடை தொடங்கிவிட்டது. கியர் பாக்ஸைக் கழற்றிக் கொச்சிக்கு லாரியில் அனுப்பிவிட்டு, வாரம் ஒரு முறை ஓடும் திருவனந்தபுரம் ரயிலில் கன்னியாகுமரி மாவட்டத்து எங்கள் ஊர் தூத்தூருக்கு வந்து சேர்ந்தோம். போட்டை மட்டும் மழைக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம். பத்து வீட்டுச் சோறு அந்தப் போட்டில் இருக்கிறது. இரண்டு மாதமும் ஒழுங்காகத் தூங்கியதில்லை.

ஆகஸ்டில் சரிசெய்த கியர் பாக்ஸையும் தூண்டில் கயிறுகளையும் ஒரு பிக்கப்பில் ஏற்றி, நாலு பேர் கிளம்பினோம். கேரளம் தாண்டி, கர்நாடகக் கரையில் மரவந்தை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவே 66ஆம் எண் நெடுஞ்சாலை. அந்த இடத்தில், இரவு பதினொரு மணிக்கு, கொட்டுகிற மழையில், பின்சக்கர பேரிங் போனது. அண்ணா, நீங்கள் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். பைக்கை நிறுத்தி, எங்கள் வண்டியின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனீர்கள். போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். முக்கால் மணி நேரத்தில் பேரிங்கோடும் ஒரு தூக்குவாளிக் கஞ்சியோடும் வந்தீர்கள். சிவப்பரிசிக் கஞ்சி, மாங்காய் ஊறுகாய். எங்கள் அம்மா வைக்கிற கஞ்சி அப்படியே அதுதான். எங்களில் ஒருவன் குடிக்கும்போதே அழுதுவிட்டான். உங்கள் வீட்டு அக்காவிடம் அதைச் சொல்லுங்கள்.

கார்வாரில் காளி ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. 2024 ஆகஸ்ட் 7ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில் பக்கத்துப் பழைய பாலம் இடிந்து, லாரியோடு ஆற்றில் விழுந்த ஓட்டுநர் நம் தமிழ்நாட்டுக்காரர். அவரை உயிரோடு கரைக்குக் கொண்டு வந்தவர்கள் அந்த ஊர் மீனவர்களும் போலீசாரும். அந்த மீனவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அவர்களுக்கும் இந்த மடலிலேயே நன்றி சொல்கிறேன்.

மௌசி, மகாராஷ்டிராவில் உங்கள் சிப்ளூண் பக்கத்துப் பரசுராம் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்ற அன்று, உங்கள் டீக்கடைத் திண்ணையை எங்களுக்கு விட்டுக் கொடுத்தீர்கள். தரை ஈரமென்று கோணிச்சாக்கு விரித்தீர்கள். காலையில் டீக்கு மட்டும்தான் காசு வாங்கினீர்கள்.

சூரத்தைத் தாண்டி ஹசீராவில் வண்டியோடு கப்பலில் ஏறி கோகாவில் இறங்கினோம். 370 கிலோமீட்டர் சுற்றுச்சாலை, கடல் வழியே 90 கிலோமீட்டர்தான். டிக்கெட் பாரத்தைக் குஜராத்தியில் நிரப்பித் தந்த தம்பி, நீ நன்றாயிரு.

காகா, உங்களுக்கு எப்படிச் சொல்வது? கியர் பாக்ஸ் இல்லாத போட்டில், விசிறியைச் சுழற்றுகிற ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். இரண்டு நாள் பம்ப் அடிக்காவிட்டால் போட்டு தாழ்ந்துவிடும். வந்து பலகையைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. கயிறு உரசுகிற இடத்திலெல்லாம் பழைய சைக்கிள் டயரை வெட்டிச் சுற்றியிருந்தீர்கள். ஒரு கயிறு புதிது. அது எங்களுடையது இல்லை. நாங்கள் கேட்டது கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான், அதுவும் அரைகுறை இந்தியில். இரண்டு மாத மழையில் ராத்திரி ராத்திரியாக வந்து பம்ப் அடித்தீர்கள் என்று பக்கத்துப் போட்டுக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது. பணம் கொடுத்தபோது என் கையைப் பிடித்து மடக்கிவிட்டீர்கள். ஊரிலிருந்து கொண்டு வந்த கருப்பட்டியை மட்டும் வாங்கி, ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, மீதியைத் துண்டில் முடிந்துகொண்டீர்கள்.

காகா, எங்கள் போட்டில் பத்து பேர். பத்து வீட்டிலும் உங்களுக்காக ஜெபம் சொல்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன் போட்டை ஊர்ப்பக்கம் ஓட்டி வருவோம். உடுப்பிப் பக்கத்து மால்பே துறைமுகத்தில் ஐஸ் ஏற்ற நிறுத்துவோம். மரவந்தை அண்ணா, அன்றைக்குப் போன் செய்கிறேன், வந்துவிடுங்கள். ஒரு நல்ல நெய்மீன் உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஐஸில் வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தூத்தூர் போட்டுக்காரர்கள் நாலு பேர்