மிடில் பெர்த் சங்கிலியும் ஆம்னி பஸ் மெத்தையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சென்னைக்குப் போகும் இரவு ரயில்களில் லோயர் பெர்த் கிடைத்ததா என்பதே எல்லோருக்கும் கவலை. கிடைத்தபின் தலைக்கு மேலே தொங்குவதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. 2024 ஜூனில் எர்ணாகுளம்–நிஜாமுதீன் ரயிலில் மேலிருந்த பெர்த் விழுந்து, கீழே படுத்திருந்த பயணி ஒருவர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார். பெர்த்தில் பழுதில்லை, சங்கிலி சரியாக மாட்டப்படவில்லை என்றது ரயில்வே.

மிடில் பெர்த்தின் உள்விளிம்பு கீலில் நிற்கிறது. வெளிவிளிம்பைத் தாங்குவது இரு முனைச் சங்கிலிகள் மட்டுமே. தூக்கிப் பிடிக்க ஒருவர், மாட்ட ஒருவர் வேண்டும். தனியாளாகச் செய்தால் ஒரு பக்கம் கொக்கியில் சரியாக மாட்டிக்கொள்ளும். மறுபக்கம் கொக்கியின் நுனியில் தொற்றி நிற்கும். பார்த்தால் மாட்டியது போலவே இருக்கும், படுத்தவர் புரண்டதும் நழுவும். ஆகவே மாட்டியபின் இரு முனைகளையும் தனித்தனியே கையால் கீழ்நோக்கி அழுத்திப் பார்க்க வேண்டும். வெளிவிளிம்பு சுவரோரத்தைவிடத் தாழ்ந்திருந்தால் கொக்கி விரிந்திருக்கலாம். அதில் படுக்காமல் டிக்கெட் பரிசோதகரிடமோ 139 எண்ணிலோ சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்தச் சங்கிலியிலேயே புடவைத் தூளி கட்டுவது. சங்கிலி நேராகக் கீழிறங்கும் பாரத்துக்கானது. தூளி ஆடும்போது பக்கவாட்டில் இழுபட்டுக் கொக்கி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பிள்ளை தூங்கிவிடும், கொக்கி தூங்காது.

ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். பன்னிரண்டுக்குள் அரை டிக்கெட்டுக்குத் தனி பெர்த் இல்லை. அதனால் தாயும் பிள்ளையும் ஒரே பலகையில்தான். லோயர் பெர்த்தைக் கேட்டு மாற்றிக்கொண்டு, பிள்ளையைச் சுவரோரம் படுக்க வையுங்கள். எதிரெதிர் பெர்த்துகளில், ரயில் போகும் திசையில் சுவர் இருப்பதே நல்லது: பிரேக் போட்டால் உடல் சுவரில் சாயும். மற்றதில் நடுவிலுள்ள வெற்றிடத்துக்கு உருளும். 2022 மே மாதம் லக்னோ மெயிலில் லோயர் பெர்த்தை ஒட்டி மடக்கும் குழந்தைப் படுக்கையைச் சோதனையாகப் பொருத்தினார்கள். மன்னை, உழவன் ரயில்களிலும் பெட்டிக்கு இரண்டு படுக்கைகளையாவது பொருத்திப் பார்க்கலாமே!

ஆம்னி பஸ்ஸில் சிக்கல் வேறு. பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி என்று வளைவும் வேகத்தடையுமாக வரும் பாதையில் மேல் பெர்த்துக்குக் காவல் பக்கக் கம்பி ஒன்றுதான், திரைச்சீலை தடுப்பல்ல. பழைய மெத்தையை எடுத்துவிட்டு நான்கு அங்குலம் கூடுதலான ஃபோம் மெத்தை போட்டால், கம்பியின் உயரத்தில் அந்த நான்கு அங்குலம் போய்விடும். சொகுசு என்று நினைத்துப் பாதுகாப்பை எடுத்துவிடுகிறார்கள். கம்பி இடுப்பிலிருந்து தோள்வரை மறைக்க வேண்டும்; சில பஸ்களில் சரியாக இடுப்புக்கு நேரேதான் இடைவெளி. ரெக்சின்மேல் விரித்த போர்வையும் வழுக்கும், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். பெல்ட் இருந்தால் பெரும்பாலும் மெத்தைக்கு அடியில் கிடக்கும். தேடியெடுத்து, வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின்மேல் போடுங்கள். கால் பஸ்ஸின் முன்பக்கம் இருக்கட்டும்.

2028 மகாமகத்துக்கு முதியவர்களும் குழந்தைகளுமாக இந்த வண்டிகளில்தான் வந்திறங்கப் போகிறார்கள். அதற்குள் ரயில்வே பராமரிப்பு முனையங்களில் ஒவ்வொரு சங்கிலியையும் பாரம் ஏற்றிப் பார்க்கட்டும். பஸ்களுக்குத் தகுதிச் சான்று தரும் போக்குவரத்து அலுவலர்கள், கம்பியின் உயரத்தைப் பலகையிலிருந்து அல்ல, மெத்தையின் மேலிருந்து அளக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
கும்பகோணம்.