651 ஓடிக்கொண்டே இருக்கட்டும்: ஹிரோஷிமா டிராம் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஹிரோஷிமாவின் டிராம்களை ஓட்டும் ஹிரோடென் நிறுவனத்தின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உங்களிடம் கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. 651, 652 ஆகிய இரண்டு டிராம்களையும், ஓட முடிகிற கடைசி நாள் வரை தண்டவாளத்திலேயே வைத்திருங்கள்.

இரண்டும் 1942-இல் செய்த வண்டிகள். 1945 ஆகஸ்ட் 6 காலை அணுகுண்டு விழுந்தபோது 651 வெடிப்பு மையத்திலிருந்து சுமார் 700 மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. கருகிப்போன அந்த வண்டியைப் பழுதுபார்த்து, மறு ஆண்டே மறுபடி ஆள் ஏற்றினார்கள் உங்கள் முன்னோர்.

எனக்கு அந்த வண்டியைவிட அந்தப் பிள்ளைகள்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். ஆண்கள் போருக்குப் போய்விட, 1943-இல் உங்கள் நிறுவனமே ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கியது. படிப்பும் உண்டு, டிராம் வேலையும் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதில் டிக்கெட் கொடுத்தார்கள், வண்டியும் ஓட்டினார்கள். குண்டு விழுந்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 9 அன்று, நகரின் மேற்கே கோய் பக்கம் ஒரு சிறு தூரத்துக்கு டிராம் மறுபடி நகர்ந்தது. அன்று வேலைக்கு வந்து நின்றவர்களில் அந்த மாணவிகளும் இருந்தார்கள். சுற்றிலும் சாம்பல், சொந்தக்காரர்கள் எங்கே என்றுகூடத் தெரியாத நாள் அது. போர் முடிந்ததும் பள்ளியை மூடிவிட்டார்கள். 651-இன் கைப்பிடியில் அவர்களின் கையும் பட்டிருக்கக்கூடும்.

இதே வரிசையில் வந்த 654 அருங்காட்சியகத்தில் நிற்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. நிறுத்தி வைத்த வண்டியைப் பார்க்கத்தான் முடியும். காலை நெரிசலில் 651 வந்து நின்றால் வேலைக்குப் போகிறவர் ஏறிக்கொள்கிறார், பள்ளிக்கூடப் பையன் ஜன்னலோரம் தூங்கி வழிகிறான். அந்தக் காலையில் நின்றுபோன பயணத்தை இந்த வண்டி இன்னும் தொடர்கிறது.

உங்களால் இது முடியும் என்றுதான் நம்புகிறேன். 1963-இல் தண்டவாளத்தின் மேல் கார்களை அனுமதித்ததும் டிராம்கள் நத்தையாய் ஊர்ந்தன. மற்ற நகரங்கள் பலவும் தண்டவாளத்தைப் பெயர்த்தன. ஹிரோஷிமாவோ 1971-இல் கார்களை மறுபடி விலக்கியது. கியோட்டோவும் ஒசாகாவும் கோபேயும் கைவிட்ட வண்டிகளை வாங்கி, அந்தந்த ஊர் நிறத்திலேயே ஓட்டியவர்கள் நீங்கள். 2025-இல் ரயில் நிலையத்தின் இரண்டாம் தளத்துக்கே டிராமை ஏற்றிவிட்டீர்கள்.

உதிரி பாகம் கிடைக்கவில்லை, செலவு தாங்கவில்லை என்று ஒருநாள் சொல்ல வேண்டி வரலாம். சரி, அப்போது முடிவெடுக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பணம் தர முன்வருகிறவர்களில் நானும் ஒருத்தி.