அக்காவும் அண்ணனும் ‘மற்றவர்’ இல்லை

மாற்றுத்திறனாளிகளின் நலனைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் என் தம்பியைச் சக்கர நாற்காலியில் உங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தேன். “அம்மா, அப்பா யாரையாவது வரச் சொல்லுங்கள்” என்றார்கள். இரண்டு பேருமே இப்போது இல்லை என்றேன். சரி என்று படிவத்தை எடுத்தார்கள். பராமரிப்பவர் என்ற இடத்தில் தாய், தந்தை, மற்றவர் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவதில் டிக் போட்டுவிட்டு, ‘மற்றவர்’ என்றால் பயிற்சிக்கும், எங்களுக்குப் பதிலாக வேறொருவர் சில நாள் அவனைப் பார்த்துக்கொள்ளும் மாற்றுப் பராமரிப்புக்கும் விண்ணப்பிக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தம்பிக்கு 38 வயது. மூளை முடக்குவாதம். அது வாழ்நாள் முழுக்கக் கூடவே இருப்பது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய இரவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவனால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பும் குதிகாலும் சிவந்து, புண்ணாகிவிடும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். 11 மணி, 1 மணி, 3 மணி, 5 மணி. சட்டென்று தொட்டால் உடம்பு விறைத்துக்கொள்ளும். முதலில் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தோளில் கை வைத்து, இறுக்கம் தளரும்வரை பேசாமல் இருக்க வேண்டும். அப்புறம்தான் முழங்காலை மடக்கித் திருப்ப முடியும். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே தலையணை வைக்க மறந்தால், காலையில் அந்த இடம் கன்றிப்போயிருக்கும்.

அண்ணன், நான், தங்கை மூவரும் முறை வைத்து இதைச் செய்கிறோம். தம்பியைத் தூக்கித் தூக்கி அண்ணனுக்கு இடுப்பு போய்விட்டது. எப்படித் தூக்கினால் இடுப்புக்கு நல்லது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் பயிற்சிதான் பெற்றோருக்கு மட்டுமாம்.

2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவை ஒருமுறை பாருங்கள். வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் பயிற்சி, ஆலோசனை, நிதியுதவி, தற்காலிக மாற்றுப் பராமரிப்பு எல்லாம் கிடைக்க வேண்டும் என்கிறது. குடும்பம் என்றுதான் அதில் இருக்கிறது, பெற்றோர் என்று இல்லை. நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான். உங்கள் படிவத்தில் ‘உடன்பிறந்தவர்’ என்று ஒரு கட்டம் வையுங்கள். பெற்றோருக்குக் கொடுப்பதை அந்தக் கட்டத்தில் இருப்பவருக்கும் கொடுங்கள்.

உங்கள் திட்டங்கள் எல்லாமே சின்னக் குழந்தையையும் இளம் தாயையும் நினைத்துப் போட்டவை போல இருக்கின்றன. சுவரொட்டியில் இருக்கும் படமும் அதுதான். அந்தக் குழந்தைக்கு ஒருநாள் நாற்பது வயதாகும், தாய்க்கு எழுபது தாண்டும் என்று ஒருவர்கூடவா யோசிக்கவில்லை? என் தங்கை ஒன்பது வயதில், புரை ஏறாமல் இருக்க அவனை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டக் கற்றுக்கொண்டவள். இத்தனை வருடத்தில் எந்த அலுவலகத்திலும் ஒருவர்கூட அவளிடம் “நீ எப்படியம்மா இருக்கிறாய்?” என்று கேட்டதில்லை.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவர்களைப் பராமரிப்பவர்களாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை முதலில் அவனிடம்தான் கேட்க வேண்டும். அவனுக்கு எல்லாம் புரியும். ஆமாம் என்பதற்குக் கண்ணை மேலே உயர்த்துவான். அன்றைக்கு உங்கள் ஊழியர் என்னைக் காட்டி, “இவர் யார்?” என்று அவனைக் கேட்டார். தம்பி வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, ‘அக்கா’ என்று சொல்ல முயன்றுகொண்டிருந்தான். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதம் மறுபடி வருகிறோம். அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகும். தயவுசெய்து அதுவரை காத்திருங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா