கணக்கு அங்கயும் வரும் அம்மு

அம்மு,

நேத்து போன்ல நீ சொன்னதக் கேட்டு உங்கப்பா ஒரு வார்த்தை பேசல, எனக்கோ தூக்கமே வரல. செஃப் கோர்ஸ் படிக்கப் போறேன்னு சொன்னதுக்கு இல்லடி, அது நான் எதிர்பாத்ததுதான். "இனிமே கணக்கு, கெமிஸ்ட்ரி எல்லாத்துக்கும் டாட்டா"ன்னு சிரிச்ச பாரு, அதுக்குத்தான்.

செஃப் கோர்ஸுக்கு மார்க்கே பாக்க மாட்டாங்கன்னு நீ சொன்னது பாதி சரி. பெரும்பாலான இடத்துல ஸ்கூல் படிப்ப முடிச்ச சர்டிபிகேட், இல்லன்னா அதுக்குச் சமமா ஒண்ணு இருந்தா போதும், டிப்ளமோவுக்கு மார்க்க ரொம்பத் தோண்ட மாட்டாங்க. டிகிரின்னா மார்க்ஷீட் எல்லாம் பாப்பாங்க. வேற நாட்டுக்குப் போறதா இருந்தா ஐஇஎல்டிஎஸ் மாதிரி இங்கிலீஷ் பரீட்சை கேப்பாங்க, அந்த ஸ்கோர் பொதுவா 2 வருஷத்துக்குத்தான் செல்லும், அதனால இப்பவே அவசரப்பட்டு எழுதித் தொலைக்காத.

ஆனா உள்ள போனப்புறம்? நான் பெரிய கிச்சன்ல ஸ்டோர் கணக்கு பாத்தவ, உனக்குத் தெரியும். வந்த புதுசுல 8 கிலோ உரிச்ச உருளைக்கிழங்கு வேணும்னாங்க, தோலு கழிவு 20 சதம் போகும்னாங்க, நானும் 8ல 20 சதம் 1.6, ஆக 9.6 கிலோன்னு எடுத்துக் குடுத்துட்டேன். உரிச்சுப் பாத்தா 320 கிராம் கம்மி! கழிவு போக மிச்சம் 80 சதம்தான, அதனால 8ஐ 0.8ஆல வகுக்கணும், 10 கிலோ வரும். அன்னிக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. கழிவுக்கும் சேத்துத்தான காசு குடுக்கறோம், இது தப்புனா ஒரு ப்ளேட்டுக்கு என்ன செலவுங்கறதும் தப்பு, வெலையும் தப்பு. பேக்கரின்னா இன்னொரு கூத்து, மாவுதான் 100, மத்ததெல்லாம் அதுக்கு இத்தன சதம்னு சொல்லுவாங்க, தண்ணி 65 உப்பு 2ன்னா ஒரு கிலோ மாவுக்கு 650 கிராம் தண்ணி 20 கிராம் உப்பு, கூட்டுனா 100ஐத் தாண்டும், பயப்படாத அது அப்படித்தான்.

கெமிஸ்ட்ரியும் விடாது. கறி செவக்க வறுபடறப்ப வாசம் வருதே, அதுக்கு மயார் ரியாக்‌ஷன்னு பேரு, 1912ல ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதினது. கிருமி வேகமா வளர்ற சூடு 5லேர்ந்து 60 டிகிரின்னு ஃபுட் சேஃப்டி பேப்பர்ல மொதல்ல அதத்தான் கேப்பாங்க.

அப்ளிகேஷனோட கட்டுரை கேட்டா சின்ன வயசுலேர்ந்தே சமையல்னா உயிருன்னு ஆரம்பிக்காத, வர்றவங்க எல்லாரும் அதத்தான் எழுதுவாங்க. லீவுல ஒரு கிச்சன்ல நின்னு பாத்திரமாவது கழுவிட்டு அத எழுது. ஸ்கூல்ல மார்க்ஷீட் காப்பி இப்பவே கேட்டு வையி, கடைசி வாரத்துல யாரும் எடுத்துத் தர மாட்டாங்க.

உங்கப்பா இப்பதான் எட்டிப் பாத்தாரு. "9.6 தான சரி?"ன்னு பழைய காலண்டர் பின்னாடி போட்டுப் பாத்துட்டு இருக்காரு.

அம்மா